மூன்றாம் மாடி டெலக்ஸ்

காலில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு
எல்லைக் கம்பிக்குக் கீழே
காப்பிக்கொட்டை கடத்திய பையன்
ஒத்தோரினோ பெத்சோலா.
சாக்கு சுற்றிய கால் சருகில் பேசாது.
பிறகு லுகானோவில், பளிங்குத் தரையில்,
மிலானில் தைத்த காலணியோடும்
அப்படித்தான் வந்தார்.
முதுகுக்குப் பின்னால் முதலாளி நிற்பது
வாசனைத் தைலத்தால்தான் தெரியும்.

எனக்கு மூன்றாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை.
டெலக்ஸ் இயந்திரம் ஒன்று, நான் ஒருத்தி,
துளை துளையாய் ஓடும் மஞ்சள் நாடா.
லக்சம்பர்க் விழித்ததும் என்னை எழுப்பும்.
பனாமா உறங்கப் போகுமுன்
என்னிடம் சொல்லிவிட்டுப் போகும்.
பணத்தை நான் பார்த்ததே இல்லை.
என் விரல் வழியே போனது;
மணிக்கட்டு வீக்கம்தான் மிச்சம்.

முதலில் இரண்டு ஊர்.
பிறகு ஒன்பது.
பிறகு நான் அட்லஸ் வாங்க வேண்டியதாயிற்று.
ஒரு கிறிஸ்துமஸுக்கு பிஷப் வந்தார்.
ஓர் அமைச்சர் வந்து அழுதுவிட்டுப் போனார்.
ஏரியில் வெள்ளைப் படகு ஒன்று மிதந்தது,
அதற்கு ‘பொறுமை’ என்று பெயர் வைத்தார்.
மிலானின் ஆலை முதலாளிகள்
கார் இருக்கைக்குள் லிரா நோட்டுகளை வைத்துத்
தைத்துக் கொண்டுவந்தார்கள்.
அதற்கென்றே கத்தரிக்கோல் வைத்திருந்தார்
வாசற்காவலர் கௌதென்சியோ.
“தையல்காரன் மகன் நான்,
பிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்” என்பார்.

எழுபத்து நாலு, செப்டம்பர்.
டாலர் இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்தார்.
டாலருக்கு அது தெரியவில்லை.
நஷ்டத்தை நாசோவுக்கு அனுப்பினோம்.
நாசோ பனாமாவுக்கு அனுப்பியது.
பனாமா அதற்கு லாபம் என்று பெயரிட்டு
எங்களுக்கே திருப்பி அனுப்பியது.
ஒரே குழந்தை, மூன்று தொட்டில்.
அடித்தவள் நான்; எனக்குத் தெரியாதா
அழுகை ஒன்றுதான் என்று.

புதன் இரவு பதினொன்றரை.
முதன்முறையாக அவர் காலடி கேட்டது.
லிஃப்ட் இருந்தும் படியேறி வந்திருந்தார்.
“நிதி வெள்ளியன்று வந்துசேரும்.”
பன்னிரண்டு ஊர்களுக்கும் அதே வாக்கியம்.
‘வெள்ளி’யில் என் விரல் நின்றது.
“தேதி வேண்டாம், சினியோரா” என்றார்,
மெதுவாக,
கோவிலில் பேசுவது போல.

வியாழன் காலை எட்டரைக்கு
கவுண்டரில் முதல் ஆள் நான்.
பதினோராயிரத்து நானூறு ஃபிராங்க்,
கடைசி சாந்தீம் வரை.
தங்கைக்குக் கல்யாணம் என்றேன்.
எனக்குத் தங்கை கிடையாது.
கதவைத் திறந்துவிட்டார் கௌதென்சியோ.
குடை வேண்டுமா என்று கேட்டார்.
மழை வரும்போலத்தான் இருந்தது.
வேண்டாம் என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் பத்திரிகையில் வந்தது:
பாதி இறங்கி நின்ற இரும்புக் கதவு,
சலவைக்காரி ஒருத்தி எறிந்த செருப்பு,
படகை ஏலத்தில் எடுத்த பல் மருத்துவர்.
ஊருக்கெல்லாம் மஞ்சள் கடுதாசி போனது.
என் அறையில்
வருஷக்கணக்காய் அந்த நிறம்தான் ஓடிக்கொண்டிருந்தது.
ஏழு ஆண்டு என்றார்கள். நாலில் விட்டார்கள்.

போன மார்ச்சில் படகுத்துறையில் பார்த்தேன்.
எதிர்க்கரையில் சூதாட்ட விடுதியின் விளக்குகள்.
உள்ளங்கையில் சில்லறையைப் பரப்பி
டிக்கெட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தார்,
ஐந்தைந்து சாந்தீமாக.
எண்ணிக்கை தப்பவில்லை.
என்னை அடையாளம் தெரிந்தது.
“அன்றிரவு யாராவது பதில் போட்டார்களா?”

ஒருவர் போட்டிருந்தார். ரோட்டர்டாமிலிருந்து.
“எந்த வெள்ளி?”
நாடாவைக் கிழித்துக்
கைப்பையில் போட்டுக்கொண்டவள் நான்.
யாரும் போடவில்லை என்றேன்.
தலையை ஆட்டிவிட்டுப் படகில் ஏறினார்.

கௌதென்சியோவுக்கு அறுபத்தாறு வயது.
நூற்றுக்கு முப்பத்தொன்று திரும்பக் கிடைத்ததாம்.
சந்தையில் மீன் பெட்டி தூக்குகிறார்.
என்னைக் கண்டால் பெட்டியை இறக்கிவைத்து
ஈரக் கையால் தொப்பியைத் தொடுகிறார்.
மழை நாட்களில்
நான் அடுத்த தெரு வழியாகப் போகிறேன்.